பழைய பிரேஸ் மூன்று பெட்டி: மலையக முகாமுக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி, 2 மார்ச்

வணக்கம் ஐயா. ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் இளைஞர் குழுவும் சில டாக்டர்களும் ஏப்ரல் கடைசியில் இலங்கை மலையகத்துக்கு மருத்துவ முகாம் போகிறோம். ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டங்கள். வீடு வீடாகக் கேட்டு, சும்மா கிடந்த முழங்கால் பிரேஸ், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, பிளாஸ்டிக் பூட் எல்லாம் மூன்று பெட்டி சேர்த்திருக்கிறோம். ஒருவர் மட்டும் "பழசைக் கொண்டுபோகாதே" என்று குறுக்கே நிற்கிறார். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் நல்லதுதானே?

2 மார்ச், இரவு

குறுக்கே நிற்கிறவரை அனுப்பிவிடாதீர்கள், தம்பி. அவர் தேவைப்படுவார்.

ஏதாவது ஒன்று கிடைத்தால் நல்லது என்பது போர்வைக்குச் சரி. உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற பிரேஸுக்குச் சரிவராது. சட்டை பெரிசாக இருந்தால் மடித்து விட்டுக்கொள்ளலாம். கால் பிரேஸ் பெரிசாக இருந்தால் நடக்க நடக்க உள்ளே உரசும், தோல் கழன்று புண்ணாகும். சர்க்கரை வியாதிக்காரர், தொழுநோய் வந்து குணமானவர், இவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். புண் வந்ததே தெரியாது. தரையில் ஈரம் பட்டிருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் ரத்தமாக இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரிப் பட்டறையில் காலிப்பரும் (காலுக்கு இரும்புத் தண்டு வைத்த பிரேஸ்) ஸ்பிளிண்டும் (கை காலை அசையாமல் பிடிக்கும் அச்சு) செய்து ஓய்வு பெற்றவன். இப்போது சுங்கை சிப்புட்டில் கடைவீட்டுப் பின்கட்டில் ஒரு சூளை, ஒரு கிரைண்டர், ஒரு தையல் மெஷின். என் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் மேற்கொண்டு சொல்லமாட்டேன். சனிக்கிழமை கொண்டு வாங்க.

3 மார்ச்

ஒன்று கேட்க விட்டுப்போச்சு. இந்தச் சாமான்களை அங்கே யார் கேட்டார்கள்? பெயர் வேண்டாம். கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறாரா, இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2011இல் மருத்துவக் கருவி நன்கொடைக்கென்றே ஒரு வழிகாட்டி போட்டது. நீட்டி முழக்கிச் சொல்வதெல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்: வாங்குகிறவர் கேட்டதைக் கொடு, கொடுத்ததைப் பழுது பார்க்க அங்கே ஆளும் உதிரியும் இருக்கிறதா என்று பார்.

அங்கே ஒன்றுமே இல்லை என்ற நினைப்போடும் போகாதீர்கள். கொழும்பில் 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் செய்கிறார்கள். 2004இல் செயற்கைக் காலும் பிரேஸும் செய்கிற இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். ராகமவில் பெரிய புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கிளம்பி அந்தப் பட்டறை வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. ஒரு நாள் வேலைக்குப் பேர் போடாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு தனி. நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். டிரெசர், அதாவது தோட்டத்து மருந்து உதவியாளர், கொடுத்த கலவை மருந்தோடு முடிந்துவிடும்.

8 மார்ச்

பெட்டிகள் வந்தன. தம்பியும் அவரோடு இரண்டு பிள்ளைகளும். குறுக்கே நின்ற ஆளும் வந்திருந்தார், பெண்பிள்ளை, பிசியோ படிக்கிறதாம். நல்ல கண்.

மேசையில் கொட்டினோம். பாதி இடுப்பு பெல்ட். எங்கள் ஊரில் செம்பனைக் குலை தூக்கியவர் வீடு என்றால் பெல்ட் ஒன்று கட்டாயம் தொங்கும். எல்லாம் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அதை இரண்டு சுற்றுச் சுற்றினாலும் நிற்காது.

அடுத்து பூட். மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் எலும்பு உடைந்தால் மாட்டிவிடுவார்களே, முழங்கால் வரைக்கும் வரும், அது. ஒன்று பார்க்கப் புத்தம்புதுசு. ஆறு வாரம் போட்டுவிட்டு அலமாரி மேல் வைத்ததாம், எத்தனையோ வருஷம் ஆச்சு. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. இழுத்தால் கறுப்புத் தூளாகக் கையோடு வந்தது. அந்த அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். காற்று ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். போட்டாலும் சரி, போடாமல் வைத்தாலும் சரி. நம் ஊர் ஈரமும் சூடும் அதற்கு எமன். இதை மலைச்சரிவில் ஒருவருக்கு மாட்டிவிட்டால் இரண்டாம் நாள் உடையாத காலும் உடையும்.

ஏஎஃப்ஓ, அதாவது கெண்டைக்காலுக்குப் பின்னால் இறங்கிப் பாதத்தடியில் போகும் எல் வடிவ பிளாஸ்டிக், ஒரு குவியல் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் கணுக்கால் வளைவைப் பார்க்கவேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்ற அந்த பிளாஸ்டிக் களைத்துவிட்டால் அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். கோடு விழுந்தது எப்போது உடையும் என்று யாரும் சொல்லமுடியாது. மூன்றில் கோடு. மிச்சம் அத்தனையும் வலது கால்.

ஒருவருடைய கை ஸ்பிளிண்ட் அகப்பை மாதிரி விரிந்து கிடந்தது. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்களாம். அந்த வகை பிளாஸ்டிக் 60, 70 டிகிரி வெந்நீரில் இளகும்படி செய்தது. மத்தியான வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் அதுவும் பாவம் என்ன செய்யும்.

தேறியது: கீல் வைத்த முழங்கால் பிரேஸ் சில, மணிக்கட்டுப் பட்டை, தோள் தொட்டில், பிரிக்காத பாக்கெட்டில் இருந்த கழுத்துப் பட்டை. தம்பி முகம் வாடிவிட்டது. கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

9 மார்ச்

ஒதுக்கிய குவியலை இன்று மறுபடி கிளறினேன். முழுசாக ஆகாதது துண்டாக ஆகும். உலோகக் கீல், பக்கத் தண்டு, வளையக் கொக்கி, நல்ல வெல்க்ரோ (அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் பட்டை) எல்லாம் கழற்றினால் ஒரு பிஸ்கட் டின் நிறைய வரும். அங்கே பட்டறை நடத்துகிறவருக்கு இந்த டின்தான் பொக்கிஷம். புதுக் கீல் விலையைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

வெல்க்ரோவில் தலைமுடியும் நூலும் அடைந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கொக்கிப் பக்கத்தை ஊசியால் வரிவரியாகக் கிளறுங்கள், பிடிப்பு திரும்பி வரும். மெத்தைப் பக்கம் மழுங்கிவிட்டால்தான் ஒன்றும் செய்யமுடியாது.

11 மார்ச்

"போட்டுப் பார்த்து, கூடத்தில் நடக்கவிட்டு, பொருந்தினால் கொடுத்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தக் கூடத்தில்?

முன்பு ஒரு குழுவோடு அதே மலையகப் பக்கம் போயிருந்தேன். பள்ளிக்கூட மண்டபம், வழவழ சிமெண்டுத் தரை. ஒரு அம்மா, கொழுந்து பறிக்கிறவர், ஊசி நரம்பில் பட்டு வலது பாதம் தொங்கிவிட்டது. கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டே வரும். அதற்கென்றுதான் ஏஎஃப்ஓ. எங்களிடம் இருந்ததில் ஒன்று அளவாக வாய்த்தது. போட்டு நடந்தார், பாதம் தூக்கியது, எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ படமும் எடுத்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எந்த வழியா வேலைக்குப் போறீங்கம்மா, காட்டுங்க" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குப் பின்னால் செங்குத்தான ஒற்றையடிப் பாதை, மழை பெய்து வழுக்கல். கணுக்கால் அசையாத பிரேஸ் அது. இறக்கத்தில் பாதம் சரிவோடு சாயும்போது கெண்டைக்கால் முன்னால் தள்ளப்பட்டு முழங்கால் தானாக மடங்குகிறது. ஏறும்போது நேர்மாறு, முழங்காலைப் பின்னுக்கு உதைக்கிறது. நாலு எட்டு வைத்தார், பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். கழற்றி என் கையில் கொடுத்து, "இது டவுனுக்கு நல்லாருக்குங்க ஐயா, மலைக்கு ஆகாது" என்றார். அவர் சப்பாத்து, அதாவது ஷூ, போடுகிறவரும் இல்லை. சப்பாத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பிரேஸுக்கு வேலை. வெறுங்காலில் கட்டினால் வழுக்கும். வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் கழற்றவேண்டியதுதான். குத்துக்கால் வைத்து உட்காரவும் முடியாது.

செய்தது என்னவென்றால், கணுக்கால் எலும்புக்குப் பின்னால் போகும்படி இரண்டு பக்கமும் வெட்டிக் குறுக்கினேன். பின்னால் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும், இலைச்சுருள் போல் வளைந்து கொடுக்கும். தூக்கவும் தூக்கும், சரிவுக்கு இணங்கவும் இணங்கும். அடியில் ரப்பர் ஒட்டி, பின்பட்டை வைத்த செருப்பில் வார் போட்டுக் கட்டினோம். ஓரத்தை ஹீட் கன்னால் மழமழப்பாக்கப் போனபோது மண்டபமே இருண்டுவிட்டது. அந்த வயரிங் அதைத் தாங்கவில்லை. பிறகு கண்ணாடித் துண்டால் சீவி முடித்தேன்.

நான் இருந்ததால் வெட்டினேன். நான் ஏறிய விமானம் கட்டுநாயக்கவில் கிளம்பியதும் அந்த வாரை யார் மாற்றுவார்? இரண்டு மழைக்காலம் அந்த வார் தாங்காது. அந்த அம்மாவைப் பற்றி அப்புறம் எனக்குத் தகவல் இல்லை. அதனால்தான் "கேட்ட ஆள் யார்" என்று நச்சரிக்கிறேன்.

11 மார்ச், பின்னிரவு

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்கணும். அசையாத கணுக்கால் பிரேஸே மலைக்கு ஆகாது என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதம் வந்து கால் விறைத்து முறுக்கிக்கொள்கிறவருக்கு மெல்லிசு பிரேஸ் நிற்காது, கெட்டியானதுதான் வேண்டும். தொங்கும் காலும் விறைத்த காலும் வேறு வேறு.

12 மார்ச்

வலது கால் பிரேஸ் மட்டுமே வந்த ரகசியம் கேட்கிறார்கள். என் கணக்கு: இடது காலுக்கு வாங்கியவர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

15 மார்ச்

பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்த குழந்தைகள் வந்தால் என்ன செய்வது என்று பிசியோ பிள்ளை கேட்டிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில்.

ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ ஒன்று இப்படிப் பிறக்கிறது. முன்னெல்லாம் பெரிய ஆபரேஷன். அமெரிக்காவில் அயோவாவில் இருந்த போன்செட்டி என்ற ஸ்பெயின்காரர், 1914இல் பிறந்து 2009இல் காலமானவர், கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடும் முறையை நிலைநாட்டினார். வாரம் ஒரு கட்டு, சாதாரணமாக ஐந்தாறு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பை, மருத்துவர் பாஷையில் தசைநாரை, ஒரு சின்னக் கீறலில் விடுவிப்பார்கள். அதோடு பாதம் நேராகிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

நேரான பாதத்தை அப்படியே விட்டால் திரும்பவும் வளையும். ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் சின்னச் சப்பாத்து வைத்த பிரேஸை மூன்று மாதத்துக்கு நாளில் 23 மணி நேரம் போடவேண்டும். பிறகு தூங்கும்போது மட்டும், நாலைந்து வயது வரைக்கும். வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 டிகிரி வெளிப்பக்கம் திரும்பி நிற்கவேண்டும், நல்ல பாதம் 30 முதல் 40. கம்பி நீளம் பிள்ளையின் தோள் அகலம். பிள்ளை வளர வளரச் சப்பாத்து மாறணும், கம்பியும் மாறணும்.

ஒரு வார முகாமில் இதை ஆரம்பிக்கவே கூடாது. முதல் கட்டு நீங்கள் போட்டால் இரண்டாவது கட்டு யார் போடுவது? இலங்கை ஆஸ்பத்திரிகளில் இந்த முறை தெரிந்த எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை அங்கே சேர்ப்பதுதான் முகாமின் வேலை. ஒரு தாள், ஒரு போன் நம்பர், போகிற வழிக்குக் காசு.

பிரேஸ்தான் தரவேண்டும் என்று ஆசை இருந்தால், ஸ்டீன்பீக் என்பவர் உகாண்டாவில் உருவாக்கிய மாதிரி ஒன்று உண்டு. உள்ளூர்த் தோல், இரும்புக் கம்பி, செருப்புத் தைக்கிறவர், வெல்டர், இவ்வளவு போதும். அங்கேயே செய்யலாம், அங்கேயே சரிபார்க்கலாம். இங்கிருந்து விலை உயர்ந்த வெளிநாட்டு பிரேஸ் ஒரு ஜோடி கொண்டுபோனால் அடுத்த அளவு எங்கே கிடைக்கும்?

15 மார்ச்

காலின் வடிவத்தைப் போனில் ஸ்கேன் பண்ணி, பிரேஸை இங்கே 3டி பிரிண்டரில் அச்சடித்து அனுப்பலாமே என்கிறவருக்கு: பண்ணலாம். ஸ்கேனுக்குக் கால் எந்த நிலையில் பிடிக்கப்பட்டது என்பதுதான் எல்லாம். தொங்கிய காலை ஸ்கேன் எடுத்தால் தொங்கிய காலுக்குத்தான் பிரேஸ் வரும்.

19 மார்ச்

இது தலைப்புக்கு வெளியே, மன்னிக்கவும். பழைய தோட்டத்து ஆட்கள் இங்கே படிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லயத்தில் போலியோ வந்த ஒரு அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காலிப்பர், இரண்டு பக்கமும் இரும்புத் தண்டு, தொடை வரைக்கும் தோல் வார். கணுக்கால் மூட்டில் தண்டு ஒடிந்துபோனது. பட்டணத்துக்குப் போனால் மாதக்கணக்கு. தோட்டத்து ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் அதை வாங்கிப் பார்த்தார். கித்தாப் பால் (ரப்பர் பால்) ஸ்டோர் மெஷினுக்கு வைத்திருந்த இரும்புப் பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, துளை போட்டு, போல்ட் முடுக்கி, தலையை அரம் போட்டு ராவிக் கொடுத்தார். காலில் குத்தக்கூடாதே என்று போல்ட் தலைக்கு மேல் கித்தாப் பாலில் தோய்த்த துணி ஒட்டினார். அந்த அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த ஃபிட்டர் ஒரு காரணம். முக்கியக் காரணம் சம்பளம்.

போலியோ போயே போச்சு என்றும் நினைக்கவேண்டாம். மலேசியா 2000இல் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி வந்தது, அதற்கு முந்தின கடைசி நோயாளிக்கு 27 வருஷத்துக்குப் பிறகு.

24 மார்ச்

கஸ்டம்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக. பெட்டிக்கு ஒவ்வொருவர் என்று பிரித்து "சொந்த உபயோகம்" என்று சொல்லித் தாண்டிவிடலாம் என்ற யோசனையை விடுங்கள். ஆரோக்கியமான வாலிபன் ஒருத்தன் பத்துக் கழுத்துப் பட்டையோடு நின்றால் எந்த அதிகாரி நம்புவார்?

ஆர்த்தோபீடிக் சாதனங்களுக்குச் சுங்கத் தலைப்பு 9021, ஊன்றுகோலும் ஸ்பிளிண்டும் அதில்தான் வரும். இலங்கையில் மருத்துவக் கருவிகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ். நன்கொடை என்றாலும் வாங்கும் நிறுவனத்தின் கடிதம், சாமான் பட்டியல், பழசா புதுசா என்ற விவரம் எல்லாம் முன்கூட்டியே அங்கே போய்ச் சேரணும். கூட வரும் டாக்டர்களுக்கு இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவும் வேண்டும். ஏப்ரல் கடைசிப் பயணத்துக்கு இதை இப்போதே தொடங்கினாலும் இறுக்கம்தான்.

ஒட்டுப்பசை டின் விமானத்தில் ஏறாது, தீப்பிடிக்கிற சாமான். அங்கே செருப்புக் கடைத் தெருவில் வாங்கிக்கொள்ளலாம். மாவுக்கட்டுப் பட்டையை ஈரம் புகாமல் இரட்டை பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். ஸ்கேனரில் வெள்ளைப் பொடி என்று நிறுத்தினால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

3 ஏப்ரல்

பதில் வந்துவிட்டது. தம்பி விடாமல் துரத்தி, மலையகத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு டெக்னிஷியனைப் பிடித்திருக்கிறார். அவர் அனுப்பிய பட்டியலில் ஒரு பிரேஸ்கூட இல்லை. பாலிப்ரொப்பிலீன் தகடு, பிள்ளைகளுக்கு 3 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 4, 5. வெல்க்ரோ ரோல், அகலம் 25ம் 38ம் மில்லிமீட்டர். செம்பு ரிவெட். ஈவிஏ ஷீட், அதாவது உள்ளே ஒட்டும் மெத்தை நுரை. காலுறைத் துணி. கிரைண்டருக்குக் கூம்புக் கல். "பழைய கீல் இருந்தால் மகிழ்ச்சி" என்று கடைசி வரி. என் பிஸ்கட் டின்னுக்கு ஒரு வீடு கிடைத்தது.

குழுவில் சிலருக்கு ஏமாற்றம் போல. தகட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தால் நன்றாக இருக்காதாம். உண்மைதான், நன்றாக இருக்காது.

முகாமில் பிரேஸ் கொடுக்கப்போவதில்லை, அளவு எடுத்து அவரிடம் கொடுக்கப்போகிறோம். பிசியோ பிள்ளைக்கு நேற்று காட்டிக் கொடுத்தேன். காகிதத்தில் பாதத்தை வைத்து, பென்சிலை நட்டமாகப் பிடித்து வரையணும். சாய்த்தால் பாதம் சின்னதாகிவிடும். கணுக்கால் சுற்று, கெண்டையின் பருமனான இடத்துச் சுற்று. தரையிலிருந்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புத் தலை வரை உயரம். பிரேஸின் மேல்விளிம்பு அந்த எலும்புக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிடவேண்டும். அங்கேதான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கடியில் ஓடுகிறது. விளிம்பு அதை அழுத்தினால், தொங்கும் பாதத்துக்கு வைத்தியம் என்று போட்டதே பாதத்தைத் தொங்கவைக்கும். கூடவே இரண்டு கேள்வி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: வேலைக்குப் போகும் வழி மேடா சமமா, காலில் என்ன போடுகிறார்.

7 ஏப்ரல்

தகடு கனம். அதிகப்படி லக்கேஜுக்கு விமானக் கம்பெனி சொன்ன தொகையைக் கேட்டுத் தம்பி மயக்கம் போடாத குறை. டெக்னிஷியனிடமே விசாரித்ததில், தகடு கொழும்பிலேயே கிடைக்கிறதாம், வாங்கக் காசுதான் இல்லையாம். இங்கிருந்து சுமந்து போகும் செலவில் அங்கே அதே தகடு வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ரிவெட், வெல்க்ரோ, கீல் டின் மட்டும் பெட்டியில் போகட்டும். அதற்கும் அவர் பட்டறையின் கடிதம் பட்டியலோடு போயிருக்கிறது.

மிச்சம் என்ன செய்வது என்று நேற்று இரவு கோயில் மண்டபத்தில் வாதம். இன்னொரு மருந்துப் பெட்டி வாங்கலாம் என்றார் ஒருவர், பேனர் பெரிசாக அடிக்கலாம் என்றார் இன்னொருவர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், இங்கே படிக்கிறார். கடைசியில் பிசியோ பிள்ளை சொன்னது நின்றது: அளவு எடுத்தவர்கள் பட்டறைக்குப் போய் மாட்டிப் பார்க்கவும், மூன்று மாதம் கழித்து வார் மாற்றவும் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதுசு செய்யணும், அதற்கும் இதே கணக்கு. டெக்னிஷியன் மாதம் ஒரு பட்டியல் அனுப்புவார், வந்தவர் கையெழுத்தோடு. இளைஞர் குழுப் பொருளாளர் பார்த்துப் பணம் அனுப்புவார்.

தொகை ஒவ்வொரு மாதமும் சின்னதாகத்தான் இருக்கும், அதில் பாதியைக் கமிஷன் தின்னக்கூடாது. மலேசியாவிலிருந்து இலங்கை வங்கிக் கணக்குக்குக் குறைந்த கட்டணத்தில் அனுப்பிப் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள். பெட்டிக் கூலி எவ்வளவு என்று கேட்டு யாரும் எனக்குப் போன் செய்யவேண்டாம், தம்பியையே கேளுங்கள்.